மூழ்கிய நெல்லின் வரவு செலவு

நெல் நீரிலே பிறந்து நீரிலே வளரும் பயிர் என்பது நம் நாட்டில் சிறு பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். சேற்றில் நாற்றங்கால், சேற்றில் நடவு, கதிர் முற்றும் வரை காலடியில் தண்ணீர் என்று, மற்றப் பெரும்பாலான பயிர்களின் வேர் சில நாட்களில் அழுகிவிடக்கூடிய நிலையிலே, மாதக் கணக்கில் நின்று தூர் கட்டிப் பூத்துப் பால் பிடித்து மணியாகிற பயிர் அது. அப்படிப்பட்ட நெல்லே, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வலுத்து, வடிகால்கள் நிரம்பி எதிர்த்துக்கொண்டு, காவிரிப் படுகையின் தாழ்ந்த வயல்களில் நீர் பயிரின் தலைக்கு மேல் ஏறி ஒன்றரை வாரம் நின்றுவிட்டால், நாசமாகிவிடுகிறது. காலடியில் நின்றபோது ஜீவாதாரமாக இருந்த அதே நீர், இரண்டடி உயர்ந்தவுடன் எப்படி எமனாகிறது?

இந்தக் கேள்வியோடு ஒட்டிய இன்னும் இரண்டு கேள்விகளை வயற்காரர்கள் கேட்பதுண்டு. நீருக்குள் இருந்தவரை பச்சையாகவே தெரிந்த பயிர், நீர் வடிந்து வெயில் பட்ட மறுநாள் ஏன் துவண்டு படுத்துவிடுகிறது என்பது ஒன்று. "தண்ணியில சாகல, தண்ணி வடிஞ்சப்புறந்தான் செத்துது" என்று அவர்கள் சொல்வது வெறும் மனக்குறையன்று. அது நுட்பமான அவதானம் என்பதைப் பின்னால் காண்போம். அடுத்தடுத்த இரண்டு வயல்களில் ஒரே நாளில் நட்டு, ஒரே வெள்ளத்தில் ஒரே அளவு மூழ்கிய இரண்டு ரகங்களில் ஒன்று அழுக, மற்றொன்று மட்டும் புது இலை விட்டுப் பிழைத்துக்கொள்வதன் மர்மம் என்ன என்பது மற்றொன்று. இம்மூன்று கேள்விகளுக்கும் விடை ஓரிடத்திலேதான் இருக்கிறது. செடியின் ஒவ்வோர் உயிரணுவும் தன்னிடமுள்ள சக்தியைச் செலவிடும் முறையிலும், அந்தச் செலவைக் கட்டளையிட்டு நடத்தும் சில அற்பப் பொருள்களிலும் அது அடங்கியிருக்கிறது.

காற்று இறங்கும் வழி

நெல்லின் வேர் சேற்றுக்குள் எவ்வாறு மூச்சுவிடுகிறது என்பதை அறிந்தாலன்றி, மூழ்கும்போது அதற்கு நேரும் கதி விளங்காது. முற்றிய நெல் வேர் ஒன்றை மெல்லிய வட்டமாகச் சீவி உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால், நடுவே உள்ள நாளக் கற்றைக்கும் வெளித்தோலுக்கும் இடையில் சதைப்பற்று இருக்க வேண்டிய இடமெல்லாம் வெற்றிடமாக இருப்பதையும், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மெல்லிய சுவர்கள் மட்டும் மையத்திலிருந்து விளிம்புக்கு ஓடுவதையும் காணலாம். அங்கிருந்த உயிரணுக்கள் தாமாகவே மடிந்து காற்றுக்கு வழிவிட்ட இடங்கள் அவை. இலைகளின் வழியாகப் புகும் பிராணவாயு, தண்டிலும் வேரிலும் தொடர்ச்சியாக அமைந்த இந்தக் காற்றறைகள் வழியே வேர் நுனிவரை இறங்கிச் செல்கிறது. ஆகவே நெல் நீரில் நிற்கிறதே தவிர, நீரைச் சுவாசிப்பதில்லை. அதன் மூச்சு முழுவதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இலைகளைப் பொறுத்தது.

அந்த இலைகளும் மூழ்கிவிட்டால்? வாயுக்கள் காற்றில் பரவும் வேகத்தைக் காட்டிலும் நீரில் பரவும் வேகம் ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு குறைவு. தெளிந்த நீராயிருந்தால் மூழ்கிய இலை பகலில் கொஞ்சம் ஒளிச்சேர்க்கை செய்து, தனக்கு வேண்டிய பிராணவாயுவை ஓரளவு தானே உண்டாக்கிக்கொள்ளும். வண்டல் கலங்கிய வெள்ளத்திலோ அந்த வருமானமும் நின்றுவிடுகிறது. புதிதாக மூழ்கிய நெல் வயலில் குனிந்து பார்த்தவர்கள், நீருக்குள் இலைகள் வெள்ளித் தகடுபோல் மின்னுவதைக் கண்டிருப்பார்கள். நெல் இலையின் மேற்பரப்பில் நீர் ஒட்டாத மெழுகுப் பூச்சு இருப்பதால், ஒரு மெல்லிய காற்றுப் படலம் இலையைப் போர்த்திக்கொண்டு உள்ளே போய்விடுகிறது. அதில் ஒளி பட்டுத் திரும்புவதே அந்த மினுமினுப்பு. அந்தப் படலம் இருக்கிறவரையில் இலைக்கும் நீருக்கும் இடையே வாயுப் பரிமாற்றம் சற்றுத் தாராளமாக நடக்கும். சில நாட்களில் மெழுகு குலைந்து, மினுமினுப்பு மறைந்து, இலை நனைந்துவிடும். நெருக்கடி முற்றுவது அதன் பிறகுதான்.

முப்பதும் இரண்டும்

உயிரணு செய்யும் எந்த வேலைக்கும், அது புதிய புரதத்தைக் கட்டுவதாயினும், உப்புக்களை உள்ளே இழுப்பதாயினும், ஏ.டி.பி. என்னும் சிறிய மூலக்கூறு ஒன்று வேண்டும். சர்க்கரையிலுள்ள சக்தியைச் சில்லறையாக மாற்றி, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு கொடுப்பது அதன் தொழில். இதனைச் 'சக்திக் காசு' என்று இந்த அத்தியாயத்தில் குறிப்பிடுவோம்.

பிராணவாயு தாராளமாகக் கிடைக்கும்போது, ஒரு குளுகோஸ் மூலக்கூறு உயிரணுவில், பெரும்பாலும் அதிலுள்ள மைட்டோகாண்ட்ரியாவுக்குள், கரியமில வாயுவாகவும் நீராகவும் முழுமையாக எரிந்து, ஏறக்குறைய முப்பது சக்திக் காசுகளைத் தருகிறது. பிராணவாயு இல்லாவிட்டால் அந்த எரிப்பு நடவாது. அப்போது உயிரணு கள்ளில் நடப்பதுபோன்ற நொதித்தலை நாடுகிறது. சர்க்கரை பாதியிலே உடைந்து, சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாறி, இரண்டே காசுகள் கிடைக்கின்றன. எஞ்சிய சக்தி பெரும்பாலும் அந்தச் சாராயத்திலேயே தங்கி, செடியைவிட்டுக் கசிந்து வெள்ளத்தோடு போய்விடுகிறது. முன்பு ஒரு சர்க்கரையைக் கொண்டு நடத்திய காரியத்தை இப்போது நடத்தப் பதினைந்து சர்க்கரை வேண்டும். சர்க்கரையைத் தயாரிக்க வேண்டிய இலைகளோ இருட்டில் கிடக்கின்றன. தண்டின் அடியிலும் இலையுறைகளிலும் முன்பே சேர்த்துவைத்த மாவுச்சத்துத்தான் ஒரே கையிருப்பு.

வளர்ச்சி என்பது செலவுகளிலெல்லாம் பெரிய செலவு. சுவர் எழுப்ப வேண்டும், புரதம் கட்ட வேண்டும், சர்க்கரையைத் தொலைதூரம் கொண்டுபோக வேண்டும். ஆகவே, மூழ்கிய செடியின் முன் நிற்கும் கேள்வி மிகத் தெளிவானது: இருப்பதையெல்லாம் போட்டு விரைந்து வளர்ந்து நீர்மட்டத்துக்கு மேல் தலையை நீட்டிவிடுவதா, அல்லது வளர்ச்சியை அடியோடு நிறுத்திவிட்டு, நீர் வடியும் நாள்வரை கையிருப்பைக் காத்துக் கிடப்பதா? மூளையும் நரம்பும் இல்லாத ஒரு செடி இதற்கு எப்படி விடை காண்கிறது என்பதே வளர்ச்சி ஒழுங்கிகளின் சரித்திரம்.

அணுவளவில் வரும் ஆணை

செடியின் ஓரிடத்தில் மிகச் சொற்ப அளவில் உண்டாகி, அங்கேயோ வேறிடத்திலோ உள்ள உயிரணுக்களின் நடத்தையையே மாற்றிவிடும் பொருள்களைத் தாவர ஹார்மோன்கள் என்பார்கள். இவற்றையும், இவற்றைப் போலவே செயற்படும்படியோ இவற்றைத் தடுக்கும்படியோ தொழிற்சாலையில் செய்யப்படும் பொருள்களையும் சேர்த்து வளர்ச்சி ஒழுங்கிகள் என்று கூறுகிறோம். புட்டியில் அடைத்து விற்கப்படுவதால் இவற்றை ஒருவகை டானிக் என்று எண்ணுவோர் பலர். இவற்றில் உணவும் இல்லை, சக்தியும் இல்லை. பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குகூட இல்லாத எத்திலீன் வாயு ஒரு செடியின் போக்கை மாற்றப் போதுமென்றால், அது ஊட்டத்தால் நடக்கிற காரியமாக இருக்க முடியாது. செடி தன் சொந்தக் கையிருப்பை எதில் செலவிட வேண்டும், எதில் செலவிடக்கூடாது என்பதை மட்டுமே இவை மாற்றுகின்றன. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் இருத்திக்கொண்டால், கடைகளில் காணும் விளம்பரங்களில் பாதியை நிதானமாகப் படிக்கலாம்.

நம் கதைக்கு வேண்டிய ஹார்மோன்கள் முக்கியமாக இரண்டு. இரண்டுமே விசித்திரமான வழிகளில் வெளிப்பட்டவை. பீட்டர்ஸ்பர்க் நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் பட்டாணி நாற்றுகள் நிமிர்ந்து வளராமல் பக்கவாட்டில் தடித்துப் படர்வதைக் கண்ட நெலியூபவ் என்ற ருஷ்ய மாணவர், விளக்கெரிக்கப் பயன்பட்ட நிலக்கரி வாயுவில் கலந்திருந்த எத்திலீனே அதற்குக் காரணம் என்று 1901-ல் வெளியிட்டார். செடிகள் தாமே அந்த வாயுவை உண்டாக்குகின்றன என்பது, பழுக்கும் ஆப்பிள்களைக் கொண்டு 1934-ல் நிரூபிக்கப்பட்டது. மற்றொன்று ஜிப்ரலின். இது நம் நெற்பயிரிலிருந்தே வந்தது. ஜப்பானிய நெல்வயல்களில் சில நாற்றுகள் மட்டும் மற்றவற்றைவிடத் தாறுமாறாக நெடுத்து, வெளுத்து, மணி பிடிக்காமலே சாய்ந்துபோகும் நோய் ஒன்று நெடுங்காலமாக இருந்துவந்தது. அதை உண்டாக்கும் பூஞ்சணத்தை வளர்த்து வடிகட்டிய நீரே, பூஞ்சணம் இல்லாமலும், நாற்றை அவ்விதம் நெட்டையாக்குகிறது என்பதை தைவானில் பணிபுரிந்த குரோசாவா 1926-ல் காட்டினார். யாபுதா 1935-ல் அப்பொருளுக்கு ஜிப்ரலின் என்று பெயரிட்டு, 1938-ல் சுமிகியோடு சேர்ந்து அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். ஆரோக்கியமான செடியும் அதே வகைப் பொருளைத் தன் தேவைக்கு அளவோடு தயாரித்துக்கொள்கிறது என்பது பின்னர் தெரியவந்தது.

வெளியேற முடியாத வாயு

மூழ்கியிருக்கிறோம் என்பதைச் செடி அறிந்துகொள்ளும் விதம் எளிமையிலும் எளிமையானது. சாதாரண நாட்களில் நெல் இலைகள் சிறிதளவு எத்திலீனை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அது உண்டானவுடன் இலைத்துளைகள் வழியே காற்றோடு கலந்துவிடும். இலையை நீர் சூழ்ந்துகொண்டால், அதே பத்தாயிரம் மடங்குத் தடை எத்திலீனுக்கும் உண்டல்லவா? வெளியேற வழியின்றி அது செடிக்குள்ளேயே தேங்குகிறது. பிராணவாயு குறைந்து உயிரணு திணறத் தொடங்குவதற்கு முன்பே இந்தத் தேக்கம் ஏற்பட்டுவிடுவதால், ஆபத்து வந்தபின் அன்று, வரும்போதே செடிக்குச் செய்தி கிடைத்துவிடுகிறது. தனியாக ஒரு புலனுறுப்பைப் படைக்காமல், நீரின் குணத்தையே புலனாக்கிக்கொண்ட இந்த ஏற்பாட்டைக் காட்டிலும் சிக்கனமானது இயற்கையில் வேறொன்று உண்டா என்பது எனக்குச் சந்தேகம்.

ஆனால் எத்திலீன் தருவது செய்தி மட்டுமே. அந்தச் செய்தியைக் கேட்டபின் என்ன செய்வது என்பது ரகத்துக்கு ரகம் மாறுபடுகிறது. வெள்ளம் சூழ்ந்த வீட்டில் குதிரிலுள்ள நெல்லை விற்று உடனே படகு வாங்கிக் கிளம்புகிற குடும்பமும் உண்டு. அதே நெல்லை அளந்து அளந்து கஞ்சியாக்கிக் குடித்துப் பரண்மேல் காத்திருக்கிற குடும்பமும் உண்டு. எது புத்திசாலித்தனம் என்பது வெள்ளம் எத்தனை நாள் நிற்கும் என்பதைப் பொறுத்த விஷயம்.

நெடுக்கும் நெல்

வங்காள தேசத்திலும், தாய்லாந்தின் சாவ்பிரயா ஆற்றுச் சமவெளியிலும், ஆண்டுதோறும் மாதக் கணக்கில் பல அடி ஆழத்துக்கு நீர் நின்றுவிடும் நிலங்கள் உண்டு. அங்கே காத்திருப்பது சாவதற்குச் சமானம். அந்த நிலங்களுக்குரிய ஆழநீர் நெல், நீர்மட்டம் ஏற ஏறத் தானும் ஏறுகிறது. சாதகமான நிலையில் ஒரே நாளில் இருபது சென்டிமீட்டருக்கு மேலும் நெடுத்துவிடும். எத்திலீன் தேங்கியதும், வளர்ச்சியை அடக்கிவைக்கும் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் குறைந்து, ஜிப்ரலினின் கை ஓங்கி, கணுவிடைகள் நீள்கின்றன என்பதை 1980-களிலிருந்து மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் கெண்டேயும் அவருடைய சகாக்களும் படிப்படியாக நிறுவினார்கள். இதற்குப் பொறுப்பான இரண்டு மரபணுக்களை ஜப்பானிய விஞ்ஞானிகள் 2009-ல் கண்டெடுத்து, நீரின்மேல் மூக்கை நீட்டி மூச்சுவிட உதவும் குழாயின் நினைவாக அவற்றுக்கு 'ஸ்நார்கல்' என்று பெயர் வைத்தார்கள்.

இங்கே ஒரு கிளைக்கதை. 1966-ல் வெளிவந்து ஆசியாவின் பஞ்சத்தை மாற்றிய ஐ.ஆர்.8 என்ற குட்டை நெல், ஜிப்ரலின் தயாரிக்கும் ஒரு நொதியின் மரபணு பழுதுபட்டதால் குட்டையானது. அதே மரபணுவின் வேறொரு வடிவந்தான் ஆழநீர் நெல்லில் எத்திலீனின் கட்டளைக்கு உட்பட்டு ஜிப்ரலினை மிகுதியாகச் சுரக்கச் செய்கிறது என்பது 2018-ல் தெரியவந்தது. ஒரே மரபணு பழுதாகி ஒரு நாட்டுக்குச் சோறு போட்டது. கூர்மையாகி இன்னொரு நாட்டை வெள்ளத்திலிருந்து காத்தது.

சாதாரண ரகங்களின் துரதிர்ஷ்டம் என்னவென்றால், அவை ஆழநீர் நெல்லைப்போல் நெடுக்க முயல்கின்றன. ஆனால் அந்த ஆற்றல் அவற்றுக்கு இல்லை. பாதித் தூரம் ஏறுவதற்குள் கையிருப்புத் தீர்ந்துவிடுகிறது.

ஒடிஸாவின் நாட்டு ரகம்

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஒடிஸாவின் தாழ்நிலங்களில் பயிரிடப்பட்டுவந்த தளபுட்டியா என்ற நாட்டு ரகத்திலிருந்து எப்.ஆர்.13ஏ என்ற தேர்வு ஒன்று பிரித்தெடுக்கப்பட்டது. விளைச்சல் சுமார், அரிசி பருமன், பயிர் நெட்டை. ஆனால் முழுவதும் மூழ்கி இரண்டு வாரம் கிடந்தாலும் பிழைத்துக்கொள்ளும். 1970-களில் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் ஆயிரக்கணக்கான ரகங்களை மூழ்கடித்துச் சோதித்தபோது, இந்த ரகம் தனித்து நின்றது. அதன் மற்றக் குறைகள் ஒட்டிக்கொள்ளாமல் இந்தக் குணத்தை மட்டும் நல்ல ரகங்களுக்கு மாற்றுவது எளிதாக இல்லை. ஒன்பதாவது குரோமசோமின் ஒரு சிறு பகுதியிலேயே அதன் ரகசியம் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது என்று சூ, மக்கில் என்ற இருவர் 1996-ல் காட்டியதும், அப்பகுதியிலுள்ள 'சப்1ஏ' என்ற மரபணுவே காரணம் என்று சூ, மக்கில், பமேலா ரொனால்டு முதலியோர் 2006-ல் நிலைநாட்டியதும் வழியைத் திறந்தன. ஆந்திரத்திலுள்ள மருதேறு ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்து கிழக்கிந்தியா முழுவதும் பரவிய சுவர்ணா என்ற ரகத்தில், பழைய முறைக் கலப்பினாலேயே, தலைமுறைதோறும் மரபணு அடையாளம் பார்த்துத் தேர்ந்து, அந்தப் பகுதியை மட்டும் சேர்த்தார்கள். இவ்வாறு உண்டான சுவர்ணா-சப்1 இந்தியாவில் 2009-ல் வெளியிடப்பட்டது. நம் டெல்டாவில் பொன்மணி என்று வழங்கும் சி.ஆர்.1009 ரகத்துக்கும் பின்னர் இவ்வாறே ஒரு சப்1 வடிவம் வந்தது.

இரண்டு வாரம்

சுவர்ணாவையும் சுவர்ணா-சப்1-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் நட்டு, இரண்டும் தூர் கட்டும் பருவத்தில் முழுவதும் மூழ்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஒரு மரபணுப் பகுதி தவிர மற்ற எல்லாவற்றிலும் இரண்டும் ஒன்று. ஆகையால் இனி நேரும் வேற்றுமைக்கெல்லாம் அந்தப் பகுதியே உத்தரவாதம்.

முதல் நாள் இரண்டிலும் எத்திலீன் தேங்குகிறது. சுவர்ணாவில் அது ஜிப்ரலினுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. ஜிப்ரலினின் வேலை ஒரு வகையில் எதிர்மறையான வேலை. உயிரணுவின் நீட்சியைத் தடுத்துக்கொண்டிருக்கும் சில அடக்குமுறைப் புரதங்களை அழிப்பதே அது. தடை நீங்கியதும் இலையுறைகளும் இலைகளும் நெடுக்கத் தொடங்குகின்றன. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் அமிலேஸ் நொதி பெருகுகிறது. அடித்தண்டிலிருந்த கையிருப்பு மளமளவென்று கரைகிறது. மூன்றாம் நாள், நான்காம் நாளில் சுவர்ணாவே இரண்டில் உயரமானது. கண்டவர்கள் அதுதான் செழிப்பாக இருக்கிறதென்று சொல்லக்கூடும். ஆனால் அந்த உயரம் தடித்த உயரமன்று. உள்ளே சத்தில்லாமல் இழுத்து நீட்டப்பட்டது. தேங்கிய எத்திலீனோ அடியிலைகளின் பச்சையத்தை வேறு சிதைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு வாரத்தில் கையிருப்பு வற்றிவிடுகிறது. நொதித்தலை நடத்தவும் சர்க்கரை இல்லை. சக்திக் காசு இன்றி உயிரணுவின் சவ்வுகள் தளர்ந்து உள்ளிருப்பவை கசிகின்றன.

சப்1 பயிரில் அதே எத்திலீன் முதலில் சப்1ஏ மரபணுவை எழுப்புகிறது. அந்த மரபணு தரும் புரதம், ஜிப்ரலின் அழிக்க விரும்பும் அடக்குமுறைப் புரதங்களை மேலும் பெருக்கிவைக்கிறது. ஆக, ஜிப்ரலின் வந்து தட்டினாலும் கதவு திறப்பதில்லை. இலைகள் நெடுப்பதில்லை. அமிலேஸ் முதலிய நொதிகள் மட்டுப்படுகின்றன. மாவுச்சத்து மெல்ல மெல்லச் செலவாகிறது. இதற்கு நேர்மாறாக, சர்க்கரையைச் சாராயமாக்கும் நொதிகள் மட்டும் அதிகரிக்கப்படுகின்றன. கிடைக்கிற அந்த இரண்டு காசாவது தடைப்படாமல் கிடைக்க வேண்டுமல்லவா? எத்திலீன் உற்பத்தியையும் அது ஓரளவு கட்டுப்படுத்துவதால், பச்சையமும் அதிகம் சிதைவதில்லை. பத்தாம் நாளில் நீருக்குள் கைவிட்டு ஒரு தூரைப் பிடித்துப் பார்த்தால், குட்டையாக, கெட்டியாக, மூழ்கிய அன்று இருந்த உயரத்திலேயே இருக்கும். பதினான்கு நாள்வரை அது தாக்குப்பிடிக்கும்.

இதெல்லாம் மரபணுவின் விசேஷமா, வளர்ச்சியை நிறுத்தியதன் விசேஷமா என்று வாசகர் கேட்கலாம். இந்தக் கேள்விக்குச் சப்1ஏ கண்டுபிடிக்கப்படுமுன்பே, 1996-ல், ஒரு பரிசோதனை விடையளித்திருந்தது. மூழ்கடிப்பதற்கு முன் சில நாற்றுகளுக்கு ஜிப்ரலின் கொடுத்தார்கள். வேறு சிலவற்றுக்கு ஜிப்ரலின் உற்பத்தியைத் தடுக்கும் பேக்லோபூட்ரசால் கொடுத்தார்கள். நம் மாந்தோப்புகளில் பருவமில்லாத காலத்தில் பூக்கவைக்க மரத்தடியில் ஊற்றுகிறார்களே, அதே மருந்துதான். ஜிப்ரலின் பெற்ற நாற்றுகள் நெடுத்துப் பெரும்பாலும் மடிந்தன. தடுப்பு மருந்து பெற்றவை குட்டையாக இருந்து அதிகமாகப் பிழைத்தன. வெள்ளத்தைத் தாங்கும் ரகத்துக்கே ஜிப்ரலின் கொடுத்தால் அதன் தாங்கும் சக்தி குன்றியது. நாற்றங்காலில் யூரியாவை அள்ளிப் போட்டு வளர்த்த நாற்று, கரும்பச்சையாகக் கண்ணைப் பறித்தாலும், வெள்ளத்தில் முதலில் சாவதற்கும் இதுவே காரணம்: தழைச்சத்து மாவுச்சத்தையெல்லாம் தழையாக்கிவிட, அடித்தண்டில் சேமிப்பு இல்லாமற்போகிறது.

வடிந்த பின்

இப்போது நீர் வடிகிறது. வயற்காரர் நிம்மதிப் பெருமூச்சு விடும் இந்த நேரமே பயிருக்கு இரண்டாவது சோதனை. இரண்டு வாரம் பிராணவாயுப் பஞ்சத்தில் கிடந்து அதற்கேற்பத் தன்னைச் சுருக்கிக்கொண்ட உயிரணுவுக்குள் திடீரென்று பிராணவாயு வெள்ளமாகப் புகும்போது, மைட்டோகாண்ட்ரியாவால் அதை ஒழுங்காகக் கையாள முடியாமல், மிகுந்த வேகமுடைய சிதைப்பான்களாக அது மாறிச் சவ்வுகளையும் புரதங்களையும் தாக்குகிறது. செடியில் எஞ்சிய சாராயமும் காற்றுப் பட்டு அசிட்டால்டிஹைடு என்னும் நச்சாகத் திரும்புகிறது. மங்கலான நீருக்குப் பழகிய இலையின்மேல் முழு வெயில் விழுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பலவீனப்பட்ட வேரால் நீரை உறிஞ்சி இலைக்கு ஏற்ற முடிவதில்லை. எனவே, வெள்ளம் வடிந்த வயலில், ஈரச் சேற்றில் நின்றுகொண்டே பயிர் வறட்சியால் வாடுகிறது! வயற்காரர்கள் சொன்னது உண்மையே. கடைசி அடி நீர் வடிந்தபின்தான் விழுகிறது.

சப்1 பயிர் இங்கேயும் முந்திக்கொள்கிறது. கையிருப்பில் மிச்சம் இருப்பதால், சிதைப்பான்களை அடக்கும் நொதிகளைத் தயாரிக்க அதற்குச் சக்தி உண்டு. அத்தோடு, வறட்சியின்போது இலைத்துளைகளை மூடச்செய்து நீரிழப்பைத் தடுக்கும் அப்சிசிக் அமிலத்துக்கு அதன் இலைகள் கூர்மையாகச் செவிசாய்க்கின்றன. வெள்ளமே இல்லாத நிலையில் மண்ணைக் காயவிட்டு நடத்தி 2011-ல் வெளியிட்ட சோதனையிலும் சப்1ஏ உள்ள நெல் நன்றாக மீண்டது. வெள்ளத்தைத் தாங்கப் பயன்பட்ட மரபணு வறட்சியையும் தாங்க உதவுகிறது என்பது கேட்கச் சற்று வேடிக்கையாக இருந்தாலும், இரண்டிலும் உயிரணுவுக்கு நேரும் இக்கட்டு ஒரே வகையானது என்று அறிந்தவருக்கு வியப்பில்லை.

ஒடிஸாவில் 128 கிராமங்களில் நடந்து 2013-ல் வெளியான கள ஆய்வு ஒன்று, பத்து நாள் மூழ்கிய வயல்களில் சுவர்ணாவைவிடச் சுவர்ணா-சப்1 சுமார் 45 சதவிகிதம் அதிகம் விளைந்ததாகவும், வெள்ளம் வராத வயல்களில் விளைச்சல் குறையவில்லை என்றும் கண்டது. தாழ்த்தப்பட்ட சாதியாரின் நிலங்கள் வெள்ளம் புகும் தாழ்ந்த பகுதிகளிலேயே அதிகமாக இருந்ததால், இந்த நெல்லின் பயன் அவர்களுக்கே மிகுதியாகக் கிடைக்கும் என்பதையும் அதே ஆய்வு எடுத்துக்காட்டியது. எந்த நிலம் யார் கைக்கு வந்தது என்பதை எந்த ஹார்மோனும் தீர்மானிக்கவில்லை என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை.

பஞ்சமறிவானும் வளமறிவானும்

ஹார்மோன்கள் கட்டளையிடுகின்றன என்றோம். ஆனால் கையிருப்பு உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது யார்? ஒவ்வோர் உயிரணுவிலும் இதற்கென இரண்டு புரதங்கள் உண்டு. சர்க்கரை குன்றும்போது விழித்தெழுந்து, வளர்ச்சிக்குரிய நூற்றுக்கணக்கான மரபணுக்களை அடக்கி, சேமிப்பை உடைக்கும் மரபணுக்களை எழுப்புவது ஒன்று. அதைப் பஞ்சமறிவான் என்போம். சர்க்கரை மிகுந்திருக்கையில் புரதம் கட்டவும் உயிரணு பெருகவும் அனுமதி கொடுப்பது மற்றொன்று, அது வளமறிவான். விலங்குகளிலும் ஈஸ்டிலும் இவற்றின் உறவுப் புரதங்கள் இருப்பதால், இவை மிகப் பழமையான ஏற்பாடுகள் என்று கொள்ளலாம். தாவரங்களில் ஹார்மோன்கள் இவற்றோடு நேரே பேசுகின்றன. வறட்சியில் அப்சிசிக் அமிலம் பெருகினால், அது வளமறிவானைச் செயலிழக்கச் செய்கிறது. நல்ல காலத்தில் வளமறிவான் திரும்பி, அப்சிசிக் அமிலத்தின் குரல் செடிக்குக் கேட்காதபடி அதன் வாங்கிகளை முடக்கிவைக்கிறது. வளர்ச்சியும் தாங்கும் சக்தியும் ஒரே சமயத்தில் உச்சத்தில் இராததற்கு இந்தப் பரஸ்பரத் தடை ஒரு காரணம்.

முளைக்கும் விதைக்கு வேறு நியாயம்

சிக்கனமே எப்போதும் சிறந்தது என்று இதிலிருந்து யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. ஓரிரண்டடி நீர் மாதக் கணக்கில் தேங்கி நிற்கும் வயலில், நெடுக்க மறுக்கும் சப்1 பயிர் பின்தங்கிவிடுகிறது. நேரடி விதைப்பு செய்த வயலில் மறுநாளே மழை பெய்து விதை நீருக்கடியில் போய்விட்டால், அங்கே சப்1ஏ அநேகமாக உதவுவதில்லை. அந்த நிலையில் விதை செய்ய வேண்டியது நேர்மாறான காரியம்: பிராணவாயு இல்லாமலே தன் மாவுச்சத்தை உடைத்து, முளையுறையை நீர்மட்டம்வரை நீட்டி, மேலிருந்து காற்றை இறக்கிக்கொள்ள வேண்டும். கோதுமையும் பார்லியும் பிராணவாயு இல்லாமல் அமிலேஸ் நொதியை உண்டாக்க இயலாமல் அழுகிவிடுகின்றன. நெல்லுக்கு அது இயலும். பஞ்சமறிவானே அங்கே அமிலேஸைத் தூண்டுகிறது. மியான்மரின் ஒரு நாட்டு ரகத்தில் இத்திறம் மிகுதி. செடியில் சர்க்கரை போதுமான அளவு இருக்கிறது என்று அறிவிக்கும் ஒரு சிறு பொருளைச் சிதைத்து, முளைக்கு இன்னும் சர்க்கரை தேவை என்ற நிலையை நீடிக்கச் செய்யும் நொதி ஒன்றே அதற்குக் காரணம் என்று 2015-ல் கண்டார்கள். அந்த மரபணுவையும் சப்1ஏ-யையும் இந்தோனேசியாவின் சிஹெராங் ரகத்தில் ஒருங்கே சேர்த்துப் பார்த்தபோது, செலவழிக்கச் சொல்லும் மரபணுவும் சேமிக்கச் சொல்லும் மரபணுவும் ஒன்றோடொன்று மோதவில்லை. முன்னது விதை முளைக்கும் நாட்களிலும், பின்னது இலைவிட்ட பயிர் மூழ்கும் நாட்களிலும் தத்தம் வேலையைச் செய்கின்றன.